கேப்ஸ்யூல், சிறை அறை, கப்பல், கான்கிரீட் குழாய்: பொதுக் குளியலறை விடுதிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

விமானத்துக்குள் படுக்கை, பழைய சிறையில் ஓர் இரவு, பெட்டி பெட்டியாக அடுக்கிய கேப்ஸ்யூல், கான்கிரீட் குழாய்க்குள் மெத்தை என்று விதவிதமான விடுதிகள் வந்துவிட்டன. படங்களைப் பார்த்ததும் தங்கிப் பார்க்கத் தோன்றும். வாடகையும் சாதாரண ஹோட்டலைவிடக் குறைவு. அந்தக் குறைவுக்கு முக்கியக் காரணம், அறைக்கு அறை குழாய், கழிவறை, வெந்நீர் என்று போடாமல் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துவிடுவதுதான். தங்குபவருக்கு வரும் சிரமத்தில் பெரும்பகுதியும் அங்கிருந்தே கிளம்புகிறது. கட்டில் விமானத்தில் கிடக்கிறதா, கப்பலில் கிடக்கிறதா என்பது முதல் அரைமணி நேரத்துக்குத்தான் பெரிய விஷயம். நள்ளிரவில் கழிவறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும், காலையில் குளிக்க எத்தனை பேருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பவை கடைசி நிமிடம் வரை கூடவே வரும். அதனால் இந்த ஒப்பீட்டைக் குளியலறையிலிருந்து தொடங்குகிறோம்.

முதலில் குளியலறைக் கணக்கு

விடுதியின் இணையப் பக்கத்தில் எத்தனை நட்சத்திரம் என்பதைவிட ஒரு ஷவருக்கு எத்தனை பேர் என்பது முக்கியம். ஒரு தளத்தில் 24 பேர் தங்குகிறார்கள், 3 ஷவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடை மாற்றுவதையும் சேர்த்து ஒருவருக்கு 12 நிமிடம். ஒரு ஷவருக்கு 8 பேர், ஆக 96 நிமிடம். காலை 7 மணிக்கு எல்லாரும் எழுந்தால் கடைசி ஆள் குளித்து முடிக்க 8.36 ஆகும். அதே 24 பேருக்கு 5 ஷவர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எங்கள் கணிப்பில், ஒரு ஷவருக்கு 6 பேர் வரை நிம்மதி. 8 பேர் என்றால் நேரம் பார்த்துக் குளித்துச் சமாளிக்கலாம். 10 பேரைத் தாண்டினால், காலையில் அவசரமாகக் கிளம்ப வேண்டியவர் அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது.

எண்ணிக்கையோடு அமைப்பையும் பார்க்க வேண்டும். ‘மூன்று பாத்ரூம்’ என்று போட்டிருக்கும். மூன்றிலும் ஷவரும் கழிவறையும் ஒரே கதவுக்குப் பின்னால் இருந்தால், மூன்று பேர் குளிக்கும்போது அந்தத் தளத்தில் கழிவறையே கிடையாது. இரண்டு ஷவர், இரண்டு கழிவறை என்று தனித்தனிக் கதவோடு இருப்பது இதைவிட எவ்வளவோ மேல். முகம் கழுவும் தொட்டி இவை இரண்டுக்கும் வெளியே இருந்தால் இன்னும் நல்லது. பல் துலக்குபவர் ஒரு ஷவரை அடைத்துக்கொண்டு நிற்க மாட்டார்.

அடுத்தது வெந்நீர். 100 லிட்டர் டாங்கில் 60 டிகிரி வெந்நீர் இருக்கிறது, குழாயில் வரும் பச்சைத் தண்ணீர் 20 டிகிரி என்றால், இரண்டையும் கலந்து 40 டிகிரியில் குளிக்க 200 லிட்டர் கிடைக்கும். ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டுகிறது, ஒருவர் 7 நிமிடம் நிற்கிறார் என்றால் அவர் செலவழிப்பது 56 லிட்டர். மூன்று பேர் குளிக்கலாம், நான்காவது ஆளுக்குப் பாதியில் குளிரடிக்கும். குளிர்நாட்டில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கினால் அதே டாங்க் தருவது 167 லிட்டர்தான். காலியான டாங்கை 3 கிலோவாட் ஹீட்டர் 20 டிகிரியிலிருந்து மறுபடி 60க்குக் கொண்டுவர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கணக்கில் வரும் 200 லிட்டரும் நடைமுறையில் முழுதாகக் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே நுழையும் பச்சைத் தண்ணீர் டாங்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடும். டாங்க் இல்லாமல் ஓடும் நீரைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள விடுதியில் வெந்நீர் தீராது. ஆனால் இரண்டு மூன்று ஷவர் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்று சூடு குறையும், அல்லது தண்ணீர் நூலாக வரும். ‘காலையில் தண்ணீர் சில்லென்று வந்தது’ என்று ரிவ்யூக்களில் எழுதுபவர்கள் பெரும்பாலும் வரிசையில் பின்னால் நின்றவர்கள். அதே விடுதியில் இரவு 9 மணிக்குக் குளித்தவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார். இரண்டுமே உண்மைதான்.

ஆகவே பொதுக் குளியலறை உள்ள எந்த விடுதிக்கும் ஒரு பொது விதி: முடிந்தால் இரவில் குளியுங்கள், முடியாவிட்டால் 6.30க்கு முன்பு குளியுங்கள்.

கேப்ஸ்யூல்

உலகின் முதல் கேப்ஸ்யூல் ஹோட்டல் 1979இல் ஜப்பானின் ஓசாகாவில் திறந்தது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலக ஊழியர்கள் ஓர் இரவைக் கழிக்கும் இடமாகத்தான் அது பரவியது. அந்தத் தோற்றத்தை நினைவில் வைத்தால் கேப்ஸ்யூல் எதற்கு ஏற்றது, எதற்கு ஏற்றதில்லை என்பது விளங்கிவிடும். கையில் ஒரு பை மட்டும் வைத்திருக்கும் தனி ஆள், இரவு வந்து காலையில் போவதற்கு ஏற்ற இடம் இது. அந்த வேலையை இதைவிடச் சுத்தமாகச் செய்யும் விடுதி வகை வேறில்லை.

உள்ளளவு ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. நுழைவாயில் இரண்டு விதம். காலடிப் பக்கம் அல்லது தலைப் பக்கம் திறப்பு இருந்தால் சுரங்கத்துக்குள் ஊர்ந்து போவது போல நுழைய வேண்டும். பக்கவாட்டில் திறப்பு இருந்தால் ரயில் பெர்த்தில் ஏறுவது போல ஏறிவிடலாம். மூட்டு வலி உள்ளவர், மூடிய இடத்தில் மூச்சு முட்டுவது போல் உணர்பவர் இரண்டாவது வகையைத்தான் எடுக்க வேண்டும். முன்பதிவின்போது கீழ் வரிசை கேட்டால் பல இடங்களில் கொடுத்துவிடுவார்கள். மேல் வரிசைக்கு ஏணி செங்குத்தாக இருக்கும்.

கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் காற்று. உள்ளே இருக்கும் காற்று 2 கன மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். தூங்கும் மனிதரின் உடல் 70 முதல் 80 வாட் வரை வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்தச் சிறு கூட்டுக்குள் இது சும்மா இருக்காது. விசிறியோ காற்றுத் துளையோ சரியாக வேலை செய்யாவிட்டால் ஒரு மணி நேரத்தில் முதுகு வியர்க்கும். படுத்த உடனே தலைமாட்டில் இருக்கும் காற்றுத் துளைக்கு முன் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். அசைந்தால் சரி. அசையவில்லை என்றால் உடனே வேறு கேப்ஸ்யூல் கேளுங்கள். ஏசி கூடம் முழுவதற்கும் ஒன்றாகத்தான் இருக்கும், உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது.

ஜப்பானில் கேப்ஸ்யூல் வாயிலுக்குத் திரையோ சுருள் மறைப்போ மட்டும்தான் இருக்கும். உள்ளிருந்து பூட்ட முடியாது. தீ விபத்துப் பாதுகாப்பு விதிகள் இதற்குக் காரணம். அதனால் பொருள்கள் லாக்கரில்தான் இருக்க வேண்டும். லாக்கர் ஒடுக்கமானது, தோள்பை நுழையும், பெரிய சூட்கேஸ் நுழையாது. பெரிய பெட்டியை ரிசப்ஷன் அருகே கம்பியில் கோத்துப் பூட்டி வைக்கச் சொல்வார்கள், இரவில் எதையாவது எடுக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் கீழே இறங்க வேண்டும். செருப்பு, ஷூவுக்கு வாசலிலேயே தனிப் பெட்டி இருக்கும், அதன் சாவியை ரிசப்ஷனில் கொடுத்து லாக்கர் சாவியை வாங்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு.

இரண்டு நாளுக்கு மேல் தங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இன்னொரு விதியில். பல கேப்ஸ்யூல் விடுதிகள் தினமும் காலை 10 மணிவாக்கில் எல்லாரையும் வெளியேறச் சொல்லிச் சுத்தம் செய்கின்றன. அடுத்த இரவும் பணம் கட்டியவருக்கும் விலக்கு கிடையாது. மதியம் சற்றுப் படுக்கலாம் என்ற எண்ணம் அங்கே நடக்காது. ஆண்களுக்கு மட்டுமான விடுதிகளும் நிறைய. கலப்பு விடுதிகள் பலவற்றிலும் ஆண் பெண் தளங்கள் பிரிந்திருப்பதால் கணவன் மனைவி ஒரே தளத்தில் தங்க முடியாது. இருவராகப் போகிறவர்களுக்கு இது கடைசித் தேர்வாகவே இருக்கட்டும்.

அலாரத்தை ஒலி இல்லாமல் அதிர்வில் வையுங்கள். கைக்கடிகார அதிர்வு இன்னும் நல்லது. 40 பேர் தூங்கும் கூடத்தில் ஐந்து மணிக்கு ஒருவரின் பாட்டு ஒலித்தால் 39 பேரின் தூக்கம் போகும்.

அடுக்குக் கட்டில் கூடம்

இளைஞர் விடுதி என்ற எண்ணத்தை ஜெர்மனியின் ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் தொடங்கிவைத்தார். அவர் அமைத்த நிரந்தர விடுதி 1912இல் அல்டேனா கோட்டையில் திறந்தது. வித்தியாசமான கட்டடத்தில் மலிவாகத் தூங்குவது அப்போதே தொடங்கிவிட்டது. டார்மிட்டரி என்று நாம் சொல்லும் இந்தக் கூடம், மனிதர்களோடு பேச விரும்புகிறவருக்கானது. எட்டுப் பேர் கூடத்தில் கிடைக்கும் பயணத் தகவல் வேறு எங்கும் கிடைக்காது, அதே எட்டுப் பேரில் ஒருவராவது குறட்டை விடுவார் என்பதும் ஏறக்குறைய உறுதி.

கட்டில் எண்ணிக்கையில் 4க்கும் 6க்கும் பெரிய வேறுபாடு தெரியாது. 6க்கும் 12க்கும் தெரியும். கூடத்தில் ஆள் கூடும்போது இரவில் கதவு திறக்கும் தடவைகளும் கூடும். 12 பேரும் ஆளுக்கு இரண்டு முறை போய் வந்தால், போகவும் வரவுமாகக் கதவு 48 முறை திறந்து மூடும். கதவின் மேல் இருக்கும் மூடும் கருவி பழுதாகிப் படார் என்று அடித்தால் அந்தக் கூடத்தில் தூக்கம் கிடையாது. உள்ளே போனதும் கதவை விட்டுப் பாருங்கள், எப்படி மூடுகிறது என்று.

கீழ்க் கட்டிலா மேல் கட்டிலா? கழிவறைக்கு அடிக்கடி எழுபவர், தூக்கத்தில் புரள்பவர், முழங்கால் வலி உள்ளவர் எல்லாம் கீழே. மேலே சூடு அதிகம், விளக்கு கண்ணில் அடிக்கும். ஆனால் மேலே யாரும் வந்து உட்கார மாட்டார்கள். மேல் கட்டிலின் தடுப்புக் கம்பி மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 16 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தர விதி. பல விடுதிகளில் மெத்தையைத் தடிமனாக மாற்றிவிட்டுக் கம்பியை மறந்துவிடுவார்கள். விரித்த உள்ளங்கையைக் கம்பியோரம் செங்குத்தாக மெத்தை மேல் நிறுத்திப் பாருங்கள். விரல் நுனி கம்பிக்கு மேலே நன்றாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மெத்தை தடிமன் மிஞ்சியது, அதில் படுக்க வேண்டாம். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையை எந்த மேல் கட்டிலிலும் படுக்க வைக்கக் கூடாது. கட்டிலைப் பிடித்து ஒருமுறை ஆட்டுவதும் அவசியம். இரும்புக் கட்டில் கிறீச்சிடுவதற்குத் தளர்ந்த போல்ட்தான் காரணம், ரிசப்ஷனில் ஸ்பேனர் இருக்கும், சொன்னால் இரண்டு நிமிடத்தில் இறுக்கிக் கொடுப்பார்கள்.

காதில் வைக்கும் நுரை அடைப்பான் எல்லாரிடமும் இருக்கிறது, சரியாக வைப்பவர் குறைவு. விரலால் மெல்லிய குச்சி போல உருட்டி, எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். இப்படி வைத்தால் பேச்சுச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். குறட்டை அடங்காது. அதில் அடித்தொனி அதிகம். தாழ்ந்த அதிர்வெண்ணை நுரை குறைவாகவே தடுக்கும், எலும்பு வழியாகவும் கொஞ்சம் கேட்கும். விசிறி இரைச்சலையோ மழைச் சத்தத்தையோ போனில் காதுக்குள் ஓடவிட்டால் கொஞ்சம் மறையும். குறட்டை விடுபவர் தாமாகவே தனி அறை எடுத்துக்கொள்வது மற்றவர்களுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

அதிகாலையில் கிளம்புகிறவர் பையை முந்தின இரவே கட்டிவிட வேண்டும். காலையில் போட வேண்டிய உடையை மட்டும் தனித் துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் எழுப்பும் சத்தத்தால் விழித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

சிறை, கப்பல், விமானம், ரயில் பெட்டி

வேறொரு வேலைக்குக் கட்டப்பட்டு விடுதியாக மாறிய இடங்கள் இவை. கவர்ச்சி அதிகம் இங்கேதான், கவனிக்க வேண்டியதும் அதிகம் இங்கேதான். ஏனென்றால் அந்தப் பழைய வேலையின் குணம் சுவரிலும் குழாயிலும் அப்படியே தங்கியிருக்கும்.

சிறையை எடுத்துக்கொள்வோம். கனடாவின் ஒட்டாவாவில் 1862 முதல் 1972 வரை இயங்கிய சிறை, 1973இல் விடுதியானது. ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் ராணுவச் சிறையாக இருந்த செலிட்சா, 2003 முதல் விடுதி. அங்கே அறை ஒவ்வொன்றையும் வெவ்வேறு கலைஞர்கள் வடிவமைத்திருக்கிறார்கள். சிறையின் சுவர் தடிமன். பக்கத்து அறைச் சத்தம் சுவர் வழியாக வருவது குறைவு. சத்தம் வருவது கதவு வழியாக. கம்பிக் கதவை அப்படியே விட்டிருந்தால் அது கதவே ஆகாது, தாழ்வாரத்தில் நடக்கும் செருப்புச் சத்தம் கூடக் கேட்கும். நடுவில் திறந்த வெளியும் சுற்றிலும் மாடி நடையும் உள்ள சிறைகளில் கீழ்த்தளத்தில் பேசுவது மூன்றாம் மாடியில் தெளிவாகக் கேட்கும். கம்பிக்குப் பின்னால் மரக்கதவோ கண்ணாடிக் கதவோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். இருந்தால், மெல்லிய தூக்கம் உள்ளவருக்கு இந்தப் பட்டியலிலேயே மிக நல்ல இடம் சிறை அறைதான். அதே தடித்த சுவர் வைஃபையையும் போன் சிக்னலையும் விழுங்கிவிடும். சன்னல் உயரத்தில் சிறியதாக இருக்கும், ஈரத்துணி காயாது. கழிவறை தாழ்வாரத்தின் முனையில் இருக்கும். அறையின் எண்ணைச் சொல்லி, அங்கிருந்து எத்தனை கதவு தள்ளி என்று கேட்கலாம்.

கப்பலில் நிலைமை வேறு. ஸ்டாக்ஹோமில் நிற்கும் அஃப் சாப்மன் என்ற பாய்மரக் கப்பல் 1888இல் கட்டப்பட்டது, 1949 முதல் இளைஞர் விடுதியாக இருக்கிறது. கரையில் கட்டிய கப்பல் பெரிதாக ஆடாது, கடல்நோய்க்குப் பயந்து தவிர்க்க வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது படிக்கட்டுக்குத்தான். செங்குத்தானது, படி குறுகலானது, இறங்கும்போது ஏணியில் இறங்குவது போலப் படியைப் பார்த்துத் திரும்பி இறங்க வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் புகாமல் இருக்க உயர்ந்த நிலைப்படி இருக்கும், இரவில் கால் இடறுவது அங்கே. சக்கரப் பெட்டி இங்கே சுமைதான், முதுகுப்பையே வசதி. கடல் ஏற்ற இறக்கம் உள்ள துறைமுகத்தில் ஏறும் பலகையின் சாய்வும் நேரத்துக்கு நேரம் மாறும்.

நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அறையில் வட்டச் சன்னல் இருக்காது, இருந்தாலும் திறக்காது. வாடகை சற்றுக் கூடுதலானாலும் மேல்தள அறையே நல்லது. இரும்பு உடலுள்ள கப்பலில் குளிர்காலத்தில் உட்சுவரில் நீர் பூக்கும். மெத்தையைச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கப்பலின் கழிவறை பெரும்பாலும் மெல்லிய குழாயில் உறிஞ்சியோ பம்ப் வைத்தோ கழிவைத் தள்ளுவது. ஈரத் துடைப்பான், நாப்கின், பஞ்சு எதைப் போட்டாலும் அடைக்கும், அடைத்தால் அந்த வரிசை முழுதும் நிற்கும். சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை அலங்காரமாக நினைக்க வேண்டாம்.

விமானத்தில் தங்குவது படத்தில் பார்க்க மிக அழகு. ஸ்டாக்ஹோமின் அர்லாண்டா விமான நிலையத்தில் 1976இல் தயாரான ஒரு போயிங் 747ஐ விடுதியாக்கி 2009இல் திறந்தார்கள், பெரும்பாலான அறைகளுக்குக் குளியலறை நடைபாதையில் பொதுவாக இருந்தது. விமான உடல் மெல்லிய உலோகம், உள்ளே போடும் தடுப்பும் எடை குறைந்தது. பக்கத்து அறையில் பேசுவது கேட்கும். சுவர் வளைந்து மேலே போவதால் மேல் படுக்கையில் தோள் இடிக்கும். மறுநாள் காலை விமானம் பிடிப்பவருக்கு ஓர் இரவுக்கு நல்ல தேர்வு, இரண்டாம் இரவுக்குச் சொல்ல மாட்டோம்.

ரயில் பெட்டி விடுதியும் ஏறக்குறைய இதே மாதிரிதான். படுக்கை 65 முதல் 75 செ.மீ. அகலம். 180 செ.மீ.க்கு மேல் உயரமானவர் கால் மடக்கித் தூங்க வேண்டியிருக்கும். நிற்கும் பெட்டி வெயிலில் நன்றாகக் காயும், நிழலில் நிறுத்தியிருக்கிறார்களா என்று வான்படத்தில் பார்த்துக்கொள்ளலாம். பழைய ரயில் கழிவறையை மூடிவிட்டு வெளியே தனிக் கட்டடத்தில் குளியலறை வைத்திருப்பவர்களும் உண்டு.

கழிவறை வெளியே இருக்கும் வகை

ஆஸ்திரியாவின் ஒட்டென்ஸ்ஹைமில், டான்யூப் ஆற்றங்கரையில், கழிவுநீர்க் குழாய்க்குச் செய்யும் பெரிய கான்கிரீட் வளையங்களைப் படுக்கையறை ஆக்கியிருக்கிறார் ஆந்திரேயாஸ் ஸ்ட்ராஸ். விருந்தினர் தங்களால் முடிந்ததைக் கொடுக்கலாம். உள்ளே இரட்டைப் படுக்கை, விளக்கு, மின்சாரம், பொருள் வைக்கக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். கழிவறை, குளியல் எல்லாம் பக்கத்தில் இருக்கும் பொது வசதிகளில். மரத்தடிக் குடில், வட்டக் கூடாரம், தோட்டத்தில் நிற்கும் வேன் எல்லாம் இந்த வகையில் அடங்கும்.

முடிவு எடுக்க ஒரு கேள்வி போதும்: இரவு இரண்டு மணிக்கு மழையில் ஷூ போட்டுக்கொண்டு 50 மீட்டர் நடக்க மனம் இருக்கிறதா? இருந்தால் இதைவிட அமைதியான தூக்கம் கிடைப்பது அரிது, கூரைக்கு மேலும் சுவருக்குப் பக்கத்திலும் ஆளே கிடையாது. இரவில் இரண்டு மூன்று தடவை எழுபவர், சிறு குழந்தையோடு வருபவர் வேண்டவே வேண்டாம். கான்கிரீட் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும். கோடையில் படுக்கும் நேரத்துக்குச் சூடாகவும் விடியும் நேரத்துக்குச் சரியாகவும் இருக்கும். வசந்த காலத் தொடக்கத்தில் படுக்கும் நேரத்துக்குச் சரியாகவும் விடியும் நேரத்துக்குக் குளிராகவும் இருக்கும். தலையில் மாட்டும் டார்ச், கழற்றி மாட்ட எளிதான செருப்பு, குடை மூன்றையும் கதவோரம் வைத்துவிட்டுப் படுங்கள்.

தனி அறை, பொதுக் குளியலறை

வித்தியாசம் குறைவு, நிம்மதி அதிகம். இருவராகப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டார்மிட்டரியில் இரண்டு கட்டிலுக்கான வாடகையையும் தனி அறை வாடகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டில் வாடகை ஆளுக்கு ஆள் ஏறும், அறை வாடகை அப்படி ஏறாது. இருவருக்கு வேறுபாடு மிகக் குறைவாகவே வரும், மூவருக்குத் தனி அறை மலிவாகக்கூட ஆகிவிடும். நால்வர் என்றால் நான்கு கட்டில் அறையை முழுதாக எடுத்துவிடலாம்.

ஒப்பிடும்போது கட்டில் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். துண்டு, படுக்கை விரிப்பு, லாக்கர், அறை காலி செய்த பின் பெட்டி வைத்துப் போவது, நள்ளிரவு வருகை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் போடும் விடுதிகள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிய பிறகு மலிவு விடுதி மலிவாக இல்லாமல் போவதும் நடக்கும்.

யாருக்கு எது

தனி ஆள், சிறு பை, ஓர் இரவு: கேப்ஸ்யூல். தனி ஆள், பல நாள், பேச்சுத் துணை வேண்டும்: ஆறு பேர் கூடம், கீழ்க் கட்டில். பெண் தனியாகப் போகிறவர் பெண்கள் கூடம் மட்டும் பார்த்தால் போதாது, பெண்கள் குளியலறை அதே தளத்தில் இருக்கிறதா, தளத்துக்குத் தனி அட்டைச் சாவி உண்டா என்றும் கேட்க வேண்டும். மெல்லிய தூக்கம் உள்ளவருக்கு மரக்கதவு போட்ட சிறை அறை. இருவருக்குத் தனி அறை அல்லது கப்பலின் மேல்தள அறை. முதியவர் இருந்தால் கழிவறை அதே தளத்தில் இருக்கும் தனி அறையைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். தூக்கத்தில் மூச்சுக் கருவி பயன்படுத்துபவர் தலைமாட்டில் மின் இணைப்பு இருக்கிறதா, அது இரவு முழுதும் இயங்குமா என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ள வேண்டும், சில இடங்களில் அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் ஓர் இரவுக்கு மட்டும் பதிவு செய்து, பிடித்தால் நீட்டிக்கலாம். திருவிழா, விடுமுறைக் காலத்தில் மட்டும் இது பலிக்காது. ரிவ்யூக்களைப் புதியது முதலாக அடுக்கி, வரிசை, வெந்நீர், நாற்றம், கதவு ஆகிய சொற்களைத் தேடிப் படியுங்கள். விடுதி போட்ட 30 படங்களில் குளியலறைப் படம் ஒன்றுகூட இல்லை என்றால் அதுவே ஒரு பதில்.

பையில் வேண்டியவை

எண்ணில் பூட்டும் பூட்டு ஒன்று. வளையம் தடிமனாக இருந்தால் பல லாக்கர்களின் துளையில் நுழையாது, 6 மி.மீ.க்குள் இருக்கட்டும். சீக்கிரம் காயும் மெல்லிய துண்டு. கொக்கி உள்ள நீர்புகாப் பை, ஏனென்றால் ஷவரில் பொருள் வைக்கத் தட்டு இருக்காது, மாட்ட ஓர் ஆணியாவது இருக்கும். சாவியும் போனும் அந்தப் பையிலேயே உள்ளே வரட்டும். ரப்பர் செருப்பு கட்டாயம். ஈரத் தரையில் சேற்றுப்புண் கிருமி எளிதாகப் பரவும். குளித்ததும் விரலிடுக்கை ஒற்றித் துடைப்பது செருப்பு அளவுக்கே முக்கியம், ஈரம் நின்றால்தான் அந்தப் பூஞ்சை பிடிக்கும். கேபிள் 2 மீட்டர் நீளம் இருந்தால் மின் இணைப்பு காலடியில் இருந்தாலும் கவலையில்லை.

போனதும் முதல் பத்து நிமிடம்

பையைக் கட்டில் மேலோ தரை விரிப்பிலோ வைக்காதீர்கள். வைக்கத்தக்க இடம் குளியலறைத் தரை அல்லது இரும்பு அலமாரி. பிறகு மூட்டைப்பூச்சி சோதனை. விரிப்பை நான்கு மூலையிலும் தூக்கி மெத்தையின் தையல் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வளர்ந்த பூச்சி 4 முதல் 5 மி.மீ., தட்டையாகச் செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். பூச்சியைவிடச் சுலபமாகக் கண்ணில் படுவது அதன் கழிவு, பேனா மை சிந்தியது போன்ற கருப்புப் புள்ளிகள். அடுக்குக் கட்டிலில் மரம் சேரும் மூட்டுகளையும் திருகு துளைகளையும் விடக் கூடாது. கேப்ஸ்யூலில் மெத்தைக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கு. புள்ளிகள் இருந்தால் அடுத்த கட்டிலுக்கு மாற ஒப்புக்கொள்ளாதீர்கள், வேறு தளம் கேளுங்கள், பக்கத்துக் கட்டிலுக்கு அவை நடந்தே வந்துவிடும். சந்தேகத்தோடு வீடு திரும்பினால் துணிகளை உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். 50 டிகிரியைத் தாண்டிய சூட்டில் முட்டையும் சாகும்.

அடுத்து வெளியேறும் வழி. பழைய கட்டடங்களில் படிக்கட்டு ஒன்றுதான் இருக்கும், அதுவும் குறுகலாக. உங்கள் அறைக்கும் அவசர வழிக்கும் இடையில் எத்தனை கதவு என்று எண்ணி வையுங்கள், புகையில் கண் தெரியாது, கை தடவித்தான் போக வேண்டும். அந்தக் கதவு பூட்டிக் கிடந்தாலோ முன்னால் துணிக்கூடைகளை அடுக்கி வைத்திருந்தாலோ அன்றைக்கே வேறு விடுதி பார்க்க வேண்டும், இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

கடைசியாக ஷவரைத் திறந்து வெந்நீர் வர எத்தனை விநாடி ஆகிறது, தண்ணீர் வடிகிறதா தேங்குகிறதா என்று பாருங்கள். குறை எதுவாக இருந்தாலும் படம் எடுத்துக்கொண்டு அந்த மணி நேரத்திலேயே ரிசப்ஷனில் சொல்லுங்கள். மாலையில் எந்தக் கட்டில் காலி என்பது அவர்கள் கையில் இருக்கும், மாற்றித் தருவார்கள். இரவு பதினொரு மணிக்குக் கட்டில் நிரம்பியிருக்கும், காலையில் சொன்னால் மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும்.